உறுமும் உபநிடதம்

இசை என்பது செவிக்கு இனிமை பயப்பது. இனிமை பயவாத ஒலி வெறும் இரைச்சல். இதுவே நம்மவரிற் பெரும்பாலார் கொண்டுள்ள கருத்து. இரைச்சல் என்று ஒதுக்குமுன், அது யாருடைய குரல், எக்காரணம்பற்றி எழுந்தது, என்ன சொல்ல முற்படுகிறது என்று நாம் கேட்பதில்லை. கேளாமலே தீர்ப்பளிப்பது அறிவுடையோர்க்கு அழகன்று. ஆதலின், ஜொகூர்க் கடற்பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூரிலே தமிழ் இளைஞர் தோற்றுவித்த ஓர் இசைக்குழுவையும், அக்குழு 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் இசைத்தொகுப்பையும் பற்றி ஈண்டு ஆராயப் புகுகின்றோம். குழுவின் பெயர் ருத்ரா. தொகுப்பின் பெயர் 'பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ'. இசையின் வகை, மேனாட்டார் 'டெத் மெட்டல்' என வழங்கும் பேரொலி இசை.

டெத் என்றால் மரணம். மெட்டல் என்றால் உலோகம். பெயரைக் கேட்ட அளவிலே முகஞ் சுளிப்பாரும் உளர். அவர்கட்கு இவ்விசைக் குடும்பத்தின் பிறப்பு வரலாற்றை முதற்கண் கூறல் வேண்டும். அது செல்வர் மாளிகையிற் பிறந்ததன்று. இங்கிலாந்தில் பர்மிங்காம் என்பது இரும்பும் புகையும் மலிந்த தொழில் நகரம். அங்கே தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த டோனி அயோமி என்னும் இளைஞர், தம் பதினேழாம் வயதில், இயந்திரத்திற் கை சிக்கி, வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர். எனவே கித்தாரின் தந்திகளை அழுத்தவேண்டிய விரல்களே போயின. வேறொருவராயின் வாத்தியத்தை மூலையிற் போட்டிருப்பார். அயோமியோ பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். நாளடைவில் தந்திகளின் முறுக்கையும் தளர்த்தினார். தளர்ந்த தந்தியிலிருந்து கனத்த, இருண்ட நாதம் எழுந்தது. அவரும் தோழர் மூவரும் சேர்ந்த பிளாக் சபத் குழுவின் முதற்றொகுப்பு 1970இல் வெளிவந்தது. 'ஹெவி மெட்டல்' என்னும் இசைவகைக்கு அதுவே தொடக்கம் என்று பலரும் கொள்வர். பால்வெட்டுக் கத்தியிலும் ஆலை இயந்திரத்திலும் விரலைப் பறிகொடுத்த தொழிலாளரைக் கண்டறிந்த நம் தோட்டத்து மக்களுக்கு இவ்வரலாறு அயலாகத் தோன்றாது.

அத்தாய் வயிற்றிற் பிறந்த கடும் பிள்ளையே டெத் மெட்டல். அமெரிக்காவிலே புளோரிடாவைச் சார்ந்த 'டெத்' என்னும் குழுவின் முதற்றொகுப்பு 1987இல் வந்தது. கித்தாரின் ஒலியை மின்கருவியால் கரகரக்கச் செய்வதும், இருகாலாலும் மாறி மாறி மிதித்துப் பெருமுரசை இடைவிடாது அதிரச் செய்வதும், பாடகர் அடித்தொண்டையிலிருந்து உறுமுவதும் இதன் இலக்கணங்கள். பின்னர் இது ஸ்வீடனுக்குச் சென்றது. கோத்தன்பர்க் நகரத்து இளைஞர், உறுமலை விடாமலே, அதன் அடியில் இரண்டு கித்தார்கள் ஒன்றையொன்று தழுவிப் பாடும் மெட்டுக்களை ஓடவிட்டனர். 'அட் த கேட்ஸ்' குழுவின் 'ஸ்லாட்டர் ஆஃப் த சோல்', 'டார்க் டிராங்குவிலிட்டி' குழுவின் 'த கேலரி' ஆகியவை 1995இலும், 'இன் ஃபிளேம்ஸ்' குழுவின் 'த ஜெஸ்டர் ரேஸ்' 1996இலும் வெளிவந்து, 'மெலோடிக் டெத் மெட்டல்' என்னும் கிளையை உலகறியச் செய்தன. ஒரு நாட்டார் கண்ட வடிவத்தை வேறொரு நாட்டார் வாங்கித் தம் பண்ணையும் அதில் ஏற்றினால், இரவல் என்னும் இழிவு நீங்கிப் புதுவகை பிறக்கும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

நிற்க. ஸ்வீடிஷ் இளைஞர் செய்ததைத் தமிழ் இளைஞர் செய்யவியலாதோ? ருத்ரா குழு சிங்கப்பூரில் 1992ஆம் ஆண்டிற் தோன்றியது. பாடுவதும் பாஸ் கித்தார் மீட்டுவதும் கதிர். முரசு முழக்குவது சிவா. குழுவின் பெயரையே பெயராகக்கொண்ட முதற்றொகுப்பு 1998இலும், 'த ஆரியன் குருசேட்' 2001இலும், 'குருட்சேத்ரா' 2003இலும் வந்தன. இவற்றின் பாட்டுக்கள் பெரும்பாலும் ஆங்கிலம். இடையிடையே வடமொழி மந்திரங்கள். கித்தாரின் போக்கிலே இந்திய இராகங்களின் சாயல். இவ்விசைக்கு 'வேத மெட்டல்' என்னும் பெயரும் வழங்கலாயிற்று. சிங்கப்பூர்வாசிகளுள் இந்தியர் நூற்றுக்கு ஒன்பதின்மர் அளவினர். அவர்களுள் இத்தகைய இசையை விரும்புவோர் மிகச் சிலர். இத்தகைய இசையை விரும்பும் உலகத்தாருள்ளோ இந்தியர் மிகச் சிலர். இவ்வாறு இருபுறமும் சிறுபான்மையராய் நின்றுகொண்டுதான் இவ்விளைஞர் பதின்மூன்றாண்டு உழைத்து 2005ஆம் ஆண்டுத் தொகுப்பை அடைந்தனர்.

அவர்கள் உழைத்த சூழலையும் சிறிது நோக்குவோம். பேரொலியையும் நீள்முடியையும் இவ்வட்டாரத்து ஆட்சியாளர் என்றும் ஐயத்துடனேயே பார்த்து வந்திருக்கின்றனர். 1972இல் புகழ்பெற்ற லெட் செப்பலின் குழுவினர் சிங்கப்பூரிற் பாட வந்தபோது, அவர்கள் தலைமுடி நீண்டிருந்தமையால் நிகழ்ச்சியே நடவாது போயிற்று. 1973 முதல் சிங்கப்பூர்த் தைப்பூச ஊர்வலத்தில் வாத்திய முழக்கத்திற்குத் தடை இருந்தது. நெடுங்காலத்திற்குப் பின், 2016இல்தான், வழியிற் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் இசைக்க இடந்தரப்பட்டது. மலேசியாவில் 2001ஆம் ஆண்டில் 'பிளாக் மெட்டல்' இசைக்கெதிராக அதிகாரிகள் நடவடிக்கை எடுத்தனர். 2006இல் தேசிய ஃபத்வா மன்றம் அதனை இசுலாமியர்க்கு ஆகாதென்று தீர்ப்புரைத்தது. அஃது அச்சமயத்தார்க்கு உரிய தீர்ப்பு. அதனுள் நாம் புகவில்லை. ஆனால் நம் வீடுகளில் வழங்கும் தீர்ப்பைப்பற்றிப் பேச நமக்கு உரிமையுண்டு. கறுப்புச் சட்டையும் நீள்முடியும் கண்டால் 'குண்டர்' என்று முடிவுகட்டும் தாய்தந்தையரும் ஆசிரியரும் நம்மிடையே இலரா? தோட்டம் துண்டாடப்பட்டு, மாசாயிலும் ஸ்கூடாயிலும் பாசிர் கூடாங்கிலும் வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், செவியில் எதைக் கேட்கிறார்கள் என்று ஒரு நாளேனும் அருகிருந்து வினவினோமா?

அவ்வாறு வினவியிருப்போமாயின், சிலர் செவியில் உறுமிக்கொண்டிருந்தது உபநிடதம் என்பதை அறிந்து வியந்திருப்போம்.

பிரம்மவித்யா என்பது பிரம்மத்தை அறியும் அறிவு. 'பிரைமார்டியல்' என்றால் ஆதியானது. உபநிடதங்கள் கூறும் அத்துவைதக் கொள்கையே தொகுப்பு முழுவதற்கும் பொருள். உடலும் மனமும் 'நான்' அல்ல, அறிவே 'நான்'. அவ்வறிவுக்குப் பிறப்புமில்லை, இறப்புமில்லை, வேற்றுமையுமில்லை என்பது அதன் சாரம். அக்கொள்கைக்குப் பேருரை கண்ட சங்கரருக்கு வணக்கம் கூறும் பாட்டும் அதில் உண்டு. மரணத்தின் பெயரால் வழங்கும் இசை, மரணம் இல்லாத ஒன்றைப் பாடுகிறது! மேனாட்டுக் குழுக்கள் பல பிணத்தையும் குருதியையும் பாடிக்கொண்டிருந்த வடிவத்தில், நம்மவர் 'நான் யார்' என்னும் வினாவை ஏற்றினர். இத்தொகுப்பு மூன்றில் முதலாயிற்று: 'டிரான்சென்டென்டல் ஐ' 2009இலும், 'இம்மார்டல் ஐ' 2011இலும் தொடர்ந்தன. 2009ஆம் ஆண்டுத் தொகுப்பில் 'ஹிம்ஸ் ஃப்ரம் த பிளேசிங் சாரியட்' என்னும் பாட்டு, கீதையின் போர்க்களத்தைப் பொருளாகக் கொண்டது. அதே ஆண்டில் சிங்கப்பூர் இசையறிஞர் யூஜின் தைரியநாதன், வேத மெட்டலையும் சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தையும் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். சிறுபான்மையுள் சிறுபான்மையாகத் தொடங்கிய குரல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பொருளாயிற்று. அத்திருப்பத்திற்கு 2005ஆம் ஆண்டுத் தொகுப்பே வாயில் என்பது நம் கருத்து.

இனி, நாம் முதன்மையாகச் சொல்ல வந்ததைச் சொல்வோம். இத்தொகுப்பின் வெற்றியை விற்பனையாலோ மேனாட்டார் புகழ்ச்சியாலோ நாம் அளக்கவில்லை. அது எந்தக் கதவைத் தாண்டிற்று என்பதைக்கொண்டே அளக்கின்றோம்.

வேதம் யாவர்க்கும் உரியதாய் இருந்ததில்லை. சூத்திரன் வேதம் ஓதக் கேட்டால் அவன் செவியில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றவேண்டும் என்பது கௌதம தருமசூத்திரத்தின் விதி. எல்லா உயிரும் ஒன்றே என்று முழங்கிய சங்கரரும், பிரம்மசூத்திர உரையில் சூத்திரர்க்கு வேத வித்தையில் அதிகாரமில்லை என நிலைநாட்டும் இடத்தில், இவ்விதியையே சான்றாக எடுத்துக்காட்டுகிறார். தத்துவத்தில் ஒன்று, தாழ்வாரத்தில் வேறு! இத்தனைக்கும் உபநிடதங்களுள்ளேயே, தந்தை பெயர் அறியாத சத்தியகாமன் உண்மையை ஒளிக்காது உரைத்தமையால் மாணவனாக ஏற்கப்பட்ட கதை இருக்கிறது. நூல் திறந்து வைத்த கதவை உரையும் வழக்கமும் சாத்திவிட்டன.

அது பழங்கதை என்பாரும் உளர். எவ்வளவு பழங்கதை? ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலைத் தூர்த்து அமைத்த பாலம் 1924ஆம் ஆண்டு ஜூன் திங்களில் முறைப்படி திறக்கப்பட்டது. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் சாதி கேட்கப்படாமல் கடல்மீது நடந்தனர். அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில், தாழ்த்தப்பட்டோர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக, திருவிதாங்கூரிலே வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கியிருந்தது. கடல்மேல் நடக்கலாம், தெருவில் நடக்கலாகாது! மதுரை மீனாட்சி கோயிற் கதவு தாழ்த்தப்பட்டோர்க்குத் திறந்தது 1939இல். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த காலம் இதுவே. தோட்டத்துக்கு வந்தும் லயத்துக்கு லயம் சாதி பார்த்தவர்கள் அவர்களிலும் இருந்தனர் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

இவ்வரலாற்றை நெஞ்சிற் கொண்டு இத்தொகுப்பைக் கேளுங்கள். செவியில் ஈயம் ஊற்றச் சொன்ன அதே மறைமொழி, ஒலிபெருக்கிகள் அதிர, கட்டணச்சீட்டு வாங்கியோர் எவராயினும் கேட்குமாறு, பொது மேடையில் முழங்குகிறது. கேட்போன் குலம் யாது, கோத்திரம் யாது என்று வினவுவார் இலர். ஜெர்மானியனும் கேட்கிறான், ஜப்பானியனும் கேட்கிறான், குளுவாங்கில் மோட்டார் பட்டறையில் வேலை செய்யும் பிள்ளையும் கேட்கலாம். இவ்விளைஞர் இதனைச் சாதியொழிப்புப் பிரசாரமாகச் செய்தனர் என்று நாம் கூறவில்லை. அவர்கள் பாடியது தத்துவம். ஆயினும், பிறப்பைக் கேளாமல் யாவருக்கும் பாடியதாலேயே, உரையாசிரியர் சாத்திய கதவைத் தத்துவம் தன் பெயராலேயே தள்ளித் திறந்தது. சங்கரரை வணங்கிக்கொண்டே சங்கரர் இட்ட வேலியைத் தாண்டினர் என்று சொன்னாலும் பிழையாகாது.

குழுவின் பெயரும் இதற்குப் பொருந்துவதே. ருத்திரன் என்னும் சொல்லுக்குக் 'கதறுபவன்', 'அலறுபவன்' என்று பழைய வழக்கிற் பொருள் கூறுவர். யசுர்வேதத்து உருத்திரம் அவனைத் தச்சரிலும், தேர் செய்வோரிலும், குயவரிலும், கொல்லரிலும், வேடரிலும் கண்டு வணங்குகிறது. உழைப்பாளர் பெயர்களை அடுக்கடுக்காகச் சொல்லி வணங்கும் பகுதி அது. அதனை ஓதியோர் எத்தனை நூற்றாண்டு அதே கொல்லரையும் குயவரையும் வாயிலுக்கு வெளியே நிறுத்தினர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

உறுமலைப் பழிப்பார்க்கும் ஒரு சொல். தோலின்மேல் வளைந்த கோலைத் தேய்த்து உறுமச் செய்யும் கருவிக்கு நம் முன்னோர் இட்ட பெயர் உறுமி. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் உறுமி எழுந்தால் நம் உடல் சிலிர்க்கிறதன்றோ? பறையும் உறுமியும் தாழ்ந்தோர் கருவி என்று மேட்டிமையாளர் ஒதுக்கியபோது சொன்ன சொல்லும் 'இரைச்சல்' என்பதே. அச்சொல்லால் அடிபட்டவர்கள் அதே சொல்லால் தம் பிள்ளைகளை அடிப்பது முறையாகுமா?

இனி மறுப்புக்களை ஆராய்வோம். முதலாவது: 'ஆரியன் குருசேட்' என்னும் பெயர் தமிழர் நெஞ்சிற் தைக்கும். வடமொழியில் ஆரியன் என்பது மேலானவன் என்று பொருள்படும் சொல் என்பது மெய். ஆயினும் ஐரோப்பாவில் அச்சொல்லின் பெயரால் கோடிக்கணக்கான உயிர்கள் மாண்டன; தமிழகத்தில் அச்சொல்லின் பெயரால் பல்லாண்டு பூசல் நிகழ்ந்தது. அப்பெயரை நாம் விரும்பவில்லை, வெளிப்படையாகவே கூறுகின்றோம். பெயரைப் பிடிக்காமையால் பின்வந்த படைப்பைக் கேளாதிருப்பதும் நேர்மையாகாது.

இரண்டாவது மறுப்பு இதனினும் வலியது: ஆங்கிலமும் வடமொழியும் இருக்கின்றன, தமிழ் எங்கே? சிவவாக்கியர் முதலிய சித்தர்கள் சாதியையும் சடங்கையும் சாடிப் பாடிய மொழி, வடலூர் வள்ளலார் பொதுநெறி பாடிய மொழி, இவ்விசையின் சீற்றத்திற்கு இடங்கொடாதோ? இக்கேள்வி நியாயமானது. கலைஞர் தாம் விரும்பிய மொழியிற் பாட உரிமையுடையோர். அவ்வுரிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அயல்வடிவத்தில் தமிழ் ஏறாது என்று எவரேனும் கூறுவாராயின், அதற்கு விடை பாலத்திற்கு இப்புறத்திலேயே கிடைத்துவிட்டது. பிரம்மவித்யா வெளிவந்த மறு ஆண்டாகிய 2006இல், மலேசியத் தமிழராகிய யோகி பியும் நட்சத்திராவும் 'வல்லவன்' என்னும் ராப் தொகுப்பை வெளியிட்டனர். அமெரிக்கக் கறுப்பர் தெருக்களிற் பிறந்த வடிவத்தில் தமிழ் தங்குதடையின்றிப் பாய்ந்தது; தமிழகத்தாரும் அதனைக் கேட்டுத் தலையசைத்தனர். ஒருபுறம் சொல் தமிழாயிற்று; மறுபுறம் பொருள் ஆழமாயிற்று. இரண்டும் ஓரிடத்திற் சேர்வதே எஞ்சியுள்ள பணி.

மூன்றாவது மறுப்பு: கூலியும் வீடும் கல்வியும் குறையாயிருக்கும் மக்களுக்குப் பிரம்மமும் கித்தாரும் எதற்கு? இசை சோறு போடாது என்பதை நாமும் அறிவோம். ஆனால் 'இவ்வறிவு உனக்கு ஆகாது, இக்கலை உனக்கு எட்டாது' என்று பிறர் சொன்னதை நம்பித் தலைகுனிந்திருப்பவன் கூலியைக் கேட்கவும் நாவெழான். உயர்ந்ததென்று பூட்டி வைக்கப்பட்ட நூலையும், உலகத்தின் கடினமான வாத்திய முறையையும் நம்மவர் ஒருங்கே கையாண்டனர் என்னும் செய்தி, ஓர் இளைஞன் தன்னைப்பற்றி எண்ணுவதை மாற்றக்கூடும். அவ்வெண்ணத்தின் மதிப்பைப் பள்ளியில் ஒதுக்கி உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

ருத்ரா குழு 2013இல் 'ருதா', 2016இல் 'எனிமி ஆஃப் டுவாலிட்டி' எனப் பின்னும் தொகுப்புக்களை வெளியிட்டது. இரண்டென்னும் எண்ணத்திற்குப் பகைவன் என்பது பின்னதன் பொருள். இருமை ஒழிப்பைப் பாடுவோர் முதலிற் தாண்டவேண்டிய இருமை மேலோர் கீழோர் என்பதேயாம்.

ஜொகூர்த் தமிழ்ப் பெற்றோரே! உங்கள் பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உறுமலைக் கேட்டால், அதட்டுமுன் ஐந்து நிமிடம் உடனிருந்து கேளுங்கள். பாட்டின் பொருளைக் கேட்டறியுங்கள். கேட்டபின்னும் பிடிக்கவில்லையாயின் அதனைச் சொல்ல உங்களுக்கு உரிமையுண்டு. பிள்ளையும் அத்தீர்ப்பை மதிப்பான். இளைஞரே! பாலத்திற்கு அப்பால் நின்ற சிலர் பதின்மூன்றாண்டு உழைத்து அடைந்த இடத்தை நீங்கள் தொடக்கமாகக் கொள்ளலாம். கித்தார் கூலாயிலும் கிடைக்கும். சித்தர் பாடல்கள் நூல்நிலையத்தில் உள்ளன. இரண்டையும் ஒரு மேடைக்குக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு. அன்று எழும் உறுமலில் நம் மக்களுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும்.